கடைசிப் பாட்டை வைத்துப் பேசுவோம்

டிசம்பர் பிறந்ததும் சபாக்களில் ஒரு கச்சேரி என்றால், சினிமாப் பாட்டு ரசிகர்களிடம் வேறொரு கச்சேரி. இந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் எது? ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி, யுவன், அனிருத், சந்தோஷ் நாராயணன் என்று ஆளுக்கொரு கொடியோடு இறங்கிவிடுவார்கள். சண்டையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டுக்காகச் சண்டை போடாத ஊர் என்ன ஊர்? என் குறையெல்லாம் அங்கே வைக்கப்படும் சாட்சியங்களைப் பற்றித்தான். ‘இதுதான் சிறந்த ஆல்பம்’ என்பார் ஒருவர். ஏன் என்று கேட்டால் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார், மிஞ்சிப்போனால் இரண்டு. எதிராளியும் பதிலுக்கு ஒரு பாட்டைத் தூக்கிப் போடுவார். பிறகு யூடியூப் பார்வைகள், ரீல்ஸ் எண்ணிக்கை. மீதி நான்கு பாட்டு எப்படி என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் அந்த மீதி நான்கைப் பற்றித்தானே பேச வேண்டும்? ஆகவே என் கட்சி இதுதான்: ஓர் ஆல்பத்தை அதன் மிகப் பெரிய ஹிட்டை வைத்து அளக்காதீர்கள், அதில் இருப்பதிலேயே சின்ன பாட்டை வைத்து அளந்து பாருங்கள். சிங்கிளாக வராத, டிரெய்லரில் ஒலிக்காத, கல்யாண மண்டபத்தில் யாரும் போடச் சொல்லாத பாட்டு. அது நிற்கிறதா? அப்படியென்றால் ஆல்பம் நிற்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க 2018ஐப் போல் வாகான வருஷம் கிடையாது. செப்டம்பர் 27 அன்று ‘செக்கச்சிவந்த வானம்’. மறுநாளே ‘பரியேறும் பெருமாள்’. அக்டோபர் 4 அன்று ‘96’. அக்டோபர் 17 அன்று ‘வடசென்னை’. மூன்றே வாரத்துக்குள் ஒரு ரஹ்மான், ஒரு கோவிந்த் வசந்தா, இரண்டு சந்தோஷ் நாராயணன். அதற்கு முன்பே ஜூனில் ‘காலா’ வந்து போயிருந்தது. அதுவும் சந்தோஷ் நாராயணன்தான். ஆகஸ்டில் ‘பியார் பிரேமா காதல்’, பத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளோடு, யுவனின் சொந்தத் தயாரிப்பு. அதே மாதம் அனிருத்தின் ‘கோலமாவு கோகிலா’. இப்படிப்பட்ட வருஷத்தில் யார் எதற்கு வாக்களித்தாலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கும். அதனால்தான் அளவுகோலைப் பற்றி முதலில் பேச வேண்டியிருக்கிறது.

பார்வைக் கணக்குதான் அளவுகோல் என்றால் 2018இல் போட்டிக்கே இடமில்லை. டிசம்பர் 21 அன்று வந்த ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. யுவனின் இசை, தனுஷ், தீ குரல்கள், பிரபுதேவாவின் நடன அமைப்பு, சாய் பல்லவியின் கால்கள். 2020 நவம்பரில் அது யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. இரண்டு தட்டு தாளத்திலேயே உடம்பு ஆடத் தொடங்கிவிடுகிறது. அதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும். ஆனால் ‘மாரி 2’இன் மற்ற பாட்டுகளைச் சொல்லுங்கள் என்றால் எத்தனை பேர் சொல்வார்கள்? இளையராஜாவே பாடிய ஒரு பாட்டு அதில் இருக்கிறது என்பது ராஜா ரசிகர்களிலேயே பலருக்கு ஞாபகம் இருக்காது. நூறு கோடிப் பார்வையின் வெளிச்சம் பக்கத்து இருக்கையில் இருக்கும் பாட்டின் மேல்கூட விழவில்லை. அப்படியென்றால் அந்த எண் எதை அளக்கிறது? ஒரு பாட்டை, ஒரு நடனத்தை, ஒரு வீடியோவை. ஆல்பத்தை அல்ல. தனுஷுக்கே இது இரண்டாவது அனுபவம். 2011 நவம்பரில் வந்த ‘ஒய் திஸ் கொலவெறி’ உலகம் சுற்றியபோது ‘3’ என்ற ஆல்பமே அந்த ஒரு பாட்டுதான் என்று தோன்றியது. அமளி அடங்கிய பிறகு மக்கள் கையில் தங்கியது ‘போ நீ போ’வும் ‘கண்ணழகா’வும் ‘இதழின் ஓரம்’ பாட்டும்தான். அனிருத்தின் முதல் படம் அது. அவர் வெறும் ஒற்றை ஹிட்காரர் இல்லை என்பதற்கு அந்த ஹிட் சாட்சி சொல்லவில்லை, அதற்குப் பின்னால் நின்ற பாட்டுகள்தான் சொல்லின.

சரி, பார்வைகள் வேண்டாம், ரசிகர்களையே வாக்களிக்கச் சொல்லலாமே என்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாவது ஆண்டையொட்டி உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம். குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாம் இடம். முதலிடம் ஓர் அயர்லாந்து தேசபக்திப் பாட்டுக்கு, மூன்றாமிடம் ஒரு பாகிஸ்தான் தேசபக்திப் பாட்டுக்கு. ராக்கம்மா அந்த வரிசையில் இருப்பதில் எனக்கும் கொள்ளை மகிழ்ச்சி. நடுவில் ஆட்டம் அடங்கி அப்பர் தேவாரம் எழும் இடத்துக்காகவே எந்த வரிசையிலும் அதை வைக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும் யாருக்கும் புரியும், அங்கே எண்ணப்பட்டது இசை இல்லை, ஆள்பலம் என்று. வருஷக் கடைசி வாக்கெடுப்புகளிலும் அதுவேதான். எந்த ரசிகர் மன்றத்துக்கு விரல்கள் அதிகமோ அந்த ஆல்பம் ஜெயிக்கும்.

‘தளபதி’யை எடுத்தது ராக்கம்மாவுக்காக அல்ல. அந்த கேசட்டில் இரண்டு ஓரத்துப் பாட்டுகள் இருந்தன. ஒன்று ‘புத்தம் புது பூ பூத்ததோ’. யேசுதாஸும் ஜானகியும் பாடியது. படத்திலேயே அது இல்லை. திரையில் ரஜினியோ ஷோபனாவோ அதற்கு ஓர் உதட்டசைவுகூடத் தரவில்லை. எந்தக் காட்சியின் துணையும் இல்லாமல், வெறும் காதால் மட்டும் அது முப்பது வருஷத்துக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. இன்னொன்று ‘யமுனை ஆற்றிலே’. மித்தாலி பானர்ஜி பாடியது. ஒன்றரை நிமிஷம்கூடத் தேறாது. நம் ஊர்க் கணக்கில் அது ஒரு பிட்டுப் பாட்டு. 1991 தீபாவளிக்கு அந்தப் படம் வந்தபோது யாராவது ‘இந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் தளபதி, ஏனென்றால் அதில் யமுனை ஆற்றிலே இருக்கிறது’ என்று வாதாடியிருப்பார்களா? ராக்கம்மா இருக்க, ‘சுந்தரி கண்ணால்’ இருக்க, ‘காட்டுக்குயிலு’ இருக்க, இதைப் போய் யார் சொல்வார்கள்?

இருபத்தேழு வருஷம் கழித்து, நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே 2018இல், ‘96’ படத்தின் உச்சக்கட்டமே இந்தப் பிட்டுப் பாட்டுதான். பள்ளிக்கூடக் காலத்தில் ராம் எத்தனை முறை கேட்டும் ஜானு பாட மறுத்த பாட்டு. வருஷங்கள் போய், கல்யாணமாகிக் குழந்தை பெற்று, ஒரே ஒரு ராத்திரி அவன் வீட்டுக்கு வந்தவள் கரண்ட் போன நேரத்தில் அதைப் பாடுகிறாள். தபலா இல்லை, வயலின் இல்லை, குழுவினர் குரல் இல்லை. சின்மயியின் வெறும் குரல். வாத்தியங்கள் அத்தனையையும் உருவிவிட்ட பிறகும் மெட்டு நிற்கிறது. நான் சொல்லும் சோதனைக்கு இதைவிடப் பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடிய சான்று எனக்குத் தெரியாது. ஆல்பத்தின் மிகச் சின்ன பாட்டை எடுத்து, அதன் அலங்காரத்தையெல்லாம் கழற்றி, ஒரு முழுப் படத்தின் பாரத்தை அதன் தோளில் ஏற்றிப் பார்த்தார்கள். தாங்கியது. ‘தளபதி’ ஏன் பெரிய ஆல்பம் என்று கேட்டால் இனி ராக்கம்மாவைச் சொல்லாதீர்கள், இதைச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: அது காட்சியின் வெற்றி, பாட்டின் வெற்றி அல்ல, இயக்குநர் பிரேம்குமார் இருபது வருஷ ஏக்கத்தை ஒரு பாட்டுக்கு முன்னால் அடுக்கி வைத்தார், எந்தப் பாட்டைப் பாடியிருந்தாலும் நாம் அழுதிருப்போம் என்று. இளையராஜாவே, தன் பழைய பாட்டுகளை இந்தக் காலத்துப் படங்கள் எடுத்தாள்வதைப் பின்னாளில் ஒரு பேட்டியில் கடுமையாகச் சாடினார். புது இசையமைப்பாளர்களின் பலவீனம் அது என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் பாதி பாதி ஒப்புக்கொள்வேன். காட்சி இல்லையென்றால் அந்தக் கண்ணீர் இல்லைதான். ஆனால் காட்சி கேட்டது என்ன? துணை வாத்தியம் இல்லாமல், முன்னுரை இல்லாமல், மூச்சுவிடும் இடைவெளியே இசையாக மாற வேண்டிய ஒரு மெட்டு. பெரிய ஹிட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் பல்லிளித்துவிடும். அவற்றின் உயிர் தாளக்கட்டில் இருக்கிறது, பின்னணி இசைக்கோவையில் இருக்கிறது. ராஜாவின் கோபத்தைப் பொறுத்தவரை, 96இன் சொந்த ஆல்பத்தை அது தொடவில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆல்பத்தைத் தனியாகவே எடைபோடலாம், கீழே போடத்தான் போகிறேன்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. நம் சினிமாவில் இசையமைப்பாளர் தன் விருப்பத்துக்கு ஆல்பம் போடுவதில்லை. ஹீரோவுக்கு ஓப்பனிங் சாங் வேண்டும், இரண்டாம் பாதியில் ஒரு குத்து வேண்டும், விநியோகஸ்தர் கேட்டார் என்று இன்னொன்று. கட்டாயத்துக்குப் போட்ட பாட்டை வைத்து ஒருவரை எடைபோடுவது அநியாயம் இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராக்கம்மாவும் கட்டாயப் பாட்டுதானே? ரஜினி ஆட வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்தக் கோரிக்கைக்குள்ளேயே மேல்நாட்டு வயலின் கூட்டத்தையும் தேவாரத்தையும் ராஜா நுழைத்தார் அல்லவா, அங்கேதான் ஆள் தெரிகிறார். விருந்தில் சமையல்காரரின் கையைப் பாயசத்தை வைத்து யாரும் சொல்வதில்லை, ரசத்தை வைத்துத்தான் சொல்வார்கள். இந்த அளவுகோல் எனக்குப் பிடித்த ஆல்பங்களையும் விட்டுவைப்பதில்லை. 2012இல் வந்த ‘நீதானே என் பொன்வசந்தம்’ எட்டுப் பாட்டு கொண்டது, புடாபெஸ்ட் இசைக் குழுவோடு பதிவானது, நா. முத்துக்குமாரின் வரிகள். ‘காற்றைக் கொஞ்சம்’, ‘சாய்ந்து சாய்ந்து’, ‘முதல் முறை’ எல்லாம் எந்த வருஷத்துப் பட்டியலிலும் முன்வரிசைப் பாட்டுகள். ஆனால் கல்லூரி உற்சாகத்துக்காக வைத்த ‘புடிக்கல மாமு’ ராக்காகத் தொடங்கிக் குத்துக்குத் தாவும்போது இரண்டுமாக ஆகாமல் நடுவில் நின்றுவிடுகிறது. அதனால் அதன் ரசிகர்கள் வைக்கும் இடத்துக்கு ஒரு படி கீழேதான் அந்த ஆல்பத்தை நான் வைப்பேன். வைக்கும்போது மனசு கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. ஒரு சலுகை மட்டும் தரலாம்: ஒரே பாட்டின் பெண் குரல் வடிவம், சோக வடிவம், தீம் மியூசிக், கரோக்கி என்று எண்ணிக்கைக்காகச் சேர்ப்பவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ரசிகர்களே அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள்.

‘அப்படியென்றால் நான்கு சுமாரான பாட்டு போட்டவர் ஜெயித்துவிடுவாரே, அவரிடம் மோசமான பாட்டு இல்லையே’ என்று மடக்குபவர்களும் உண்டு. மடக்கல் சரியில்லை. சுமாரான ஆல்பத்தின் கடைசிப் பாட்டும் சுமார்தான். அதை ‘தளபதி’யின் கடைசிப் பாட்டுக்கு எதிரே நிறுத்தினால் தோற்றுப்போகும். இந்த அளவுகோல் நிஜமாகவே கடிப்பது வேறோர் இடத்தில்: வானத்தைத் தொடும் ஒரு பாட்டையும் தரையில் கிடக்கும் இரண்டு பாட்டையும் சேர்த்து வைத்த ஆல்பத்தை. 2018இல் என் கணக்கில் அது ‘செக்கச்சிவந்த வானம்’. ‘மழைக்குருவி’ அந்த வருஷத்தின் சிறந்த பாட்டு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அந்த ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் சிலது படத்தின் வேகத்துக்காக வெட்டப்பட்ட துணி மாதிரியே இருக்கிறது, தனியாகக் கேட்கும்போது ஓரம் பிரிகிறது. சிறந்த பாட்டுக்கு ஒரு மாலை, சிறந்த ஆல்பத்துக்கு ஒரு மாலை என்று இரண்டாகவே வாங்கிவிட்டால் ரஹ்மான் ரசிகர்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை தொடரும்.

இன்னொரு குரல் இருக்கிறது, இளையவர்களுடையது. இப்போது யார் ஆல்பம் கேட்கிறார்கள்? ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள், லிரிக்கல் வீடியோ என்று மாதக்கணக்கில் தவணை முறையில் பாட்டு வருகிறது; முழுசாக ஜூக்பாக்ஸ் வரும்போது நமக்குப் பாதி சலித்திருக்கும். ஆகவே கடைசிப் பாட்டைத் தேடச் சொல்வது பழைய காலத்து ஏக்கம் என்கிறார்கள். பழைய காலம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் என் பதில். இலங்கை வானொலியிலும் விவித் பாரதியிலும் யாரும் ஆல்பம் கேட்கவில்லை, பாட்டுதான் கேட்டார்கள். ‘ஒளியும் ஒலியும்’ ஆல்பம் போடவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் இருந்த கேசட் கடைகளுக்கு ஜனங்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பன்னிரண்டு பாட்டின் பெயர், கூடவே ஒரு காலி கேசட். அது பிளேலிஸ்ட் இல்லாமல் வேறென்ன? தமிழ் ரசிகர் என்றைக்கும் பொறுக்கி எடுப்பவர்தான். அப்படிப் பொறுக்கும் ஊரில் பொறுக்கப்படாமல் கிடந்து, பிறகு மெல்ல எழுந்து வந்த பாட்டுகளுக்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டாமா? நம்மிடம் ஆல்பத்தைக் கட்டி வைத்திருந்தது கேசட்டின் ஏ சைடும் பி சைடும் அல்ல, படம்தான். ஒரு கதைக்குள் ஐந்து இடங்களில் ஐந்து மனநிலைகள். அவை ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. சிங்கிள்கள் எந்த வரிசையில் வந்தாலும் அந்தக் கேள்வி மாறாது.

வருஷம் என்பதையே எப்படி எண்ணுவது என்று ஒரு சில்லறைத் தகராறும் உண்டு. சுவாரசியத்துக்காகச் சொல்லி வைக்கிறேன். ‘பேட்ட’ பாட்டுகள் 2018 டிசம்பரில் வந்தன, படம் 2019 ஜனவரி 10. அதே நாளில் வந்த ‘விஸ்வாசம்’ கதையும் இதேதான், இமானுக்குத் தேசிய விருது கிடைத்தது 2019ஆம் ஆண்டுக்கு. ‘2.0’ படத்தின் முதல் இரண்டு பாட்டுகள் 2017 அக்டோபரில் துபாயில் வெளியாயின, படம் வரப் பதிமூன்று மாதம் ஆனது. 1997 பொங்கலன்று ‘இருவர்’, ‘மின்சார கனவு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஆனால் தணிக்கைச் சான்றிதழ் தேதிப்படி ‘மின்சார கனவு’ 1996க்கான தேசிய விருதுகளை அள்ளிக்கொண்டு போனது: ரஹ்மான், எஸ்பிபி, சித்ரா மூவருக்கும். என்னைக் கேட்டால் படம் திரைக்கு வந்த வருஷமே அந்த ஆல்பத்தின் வருஷம். படத்தில் எந்தப் பாட்டு எங்கே உட்காருகிறது என்று தெரியாமல் கடைசிப் பாட்டின் பலத்தை எப்படிச் சொல்வது? ஆக, ‘பேட்ட’ ரசிகர்கள் 2018 சண்டையிலிருந்து விலகி நிற்கலாம்.

அந்த மூன்று வாரத்தில் வந்த நான்கில் மிச்சம் மூன்று. ‘96’ஐ முதலில் எடுக்கலாம். பிலிம்பேர் அந்த ஆண்டு தமிழில் சிறந்த இசைக்கான விருதை அதற்குத்தான் கொடுத்தது, பலர் மனத்திலும் அதுதான். அதில் தரையில் விழும் பாட்டு ஒன்றுகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘தி லைஃப் ஆஃப் ராம்’ தனிமையை இத்தனை வெளிச்சமாகப் பாட முடியும் என்று காட்டியது. சிக்கல் வேறு: ‘வசந்த காலங்கள்’ பாட்டும் ‘இரவிங்கு தீவாய்’ பாட்டும் இடம் மாறி உட்கார்ந்தால் நமக்குத் தெரியாது. ஒரே ஈரம், ஒரே நடை. ஒன்றை எடுத்துவிட்டாலும் ஆல்பம் குறையாது. கடைசிப் பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது இல்லாவிட்டால் ஏதாவது இழக்க வேண்டும். ‘வடசென்னை’யில் வேடிக்கை தலைகீழ். ‘கோயிந்தம்மாவால’, ‘மாடில நிக்குற மான்குட்டி’ போன்ற கானா நெடி வீசும் பாட்டுகள்தான் அந்த ஆல்பத்தின் எலும்பு. எல்லோரும் கொண்டாடிய சித் ஸ்ரீராமின் ‘என்னடி மாயாவி நீ’ அந்தத் தெருவில் குடியிருக்கும் பாட்டாக எனக்கு ஒலிப்பதில்லை, விருந்தாளியாக வந்து போகிறது. ஹிட்டே பலவீனமான பாட்டாக அமைவதும் நடக்கும்.

‘பரியேறும் பெருமாள்’ ஆல்பத்தில் எல்லோரும் பேசுவது ‘கருப்பி’யைப் பற்றி. தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்லப்பட்ட ஒரு வேட்டை நாய்க்கு, சந்தோஷ் நாராயணனே பாடிய ஒப்பாரி. துக்கமும் ஆத்திரமும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் ‘வா ரயில் விடப் போலாமா’ அந்த ஆல்பத்தின் மிகச் சாதாரணப் பாட்டு, பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடும் விளையாட்டின் மென்மை. தனியாகக் கேட்டால் யாரும் இரண்டாம் முறை போடச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் ‘கருப்பி’யைக் கேட்டுவிட்டு வந்து இதைக் கேளுங்கள். நாயைக் கொன்றது ரயில். இங்கே ஒரு குரல், ரயில் விட்டு விளையாடலாமா என்று கூப்பிடுகிறது. ஒரு பாட்டில் சாவாக வந்த பொருள் இன்னொரு பாட்டில் விளையாட்டாக வருகிறது. இரண்டாவது பாட்டை எடுத்துவிட்டால் முதல் பாட்டின் ஆத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் இல்லாமல் போய்விடும். ‘நான் யார்’ எழுப்பும் கேள்விக்கு இந்த இரண்டுமே சாட்சி. ‘96’க்கு இல்லாத இந்தக் கொடுக்கல் வாங்கல் இங்கே இருப்பதால் 2018க்கு என் ஓட்டு ‘பரியேறும் பெருமாள்’, இரண்டாவது ‘வடசென்னை’, மூன்றாவதுதான் ‘96’. வடசென்னைக்காரர்கள் முதலிடம் கேட்டு வருவார்கள் என்று தெரியும். வரட்டும், ஆனால் ‘என்னடி மாயாவி’யைக் கையில் பிடித்துக்கொண்டு வராமல், மான்குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தால் பேசலாம்.